கட்டத்துக்குள் ஓர் எழுத்து: பழைய சென்சஸ் தாள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க சென்சஸ் தாள்களைப் பற்றியவை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பிள்ளைகள் அங்கே மணம் முடித்துவிட்டார்கள், சம்பந்தி வீட்டாருக்கு வம்ச வரலாற்றில் ஆர்வம், பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையும் வேலை. அந்த நாட்டில் கணக்கெடுத்து 72 ஆண்டு ஆனதும், ஒவ்வொருவர் பெயரும் இருக்கும் தாள்களை அப்படியே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. ஆக, தாளின் படம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. படிப்பதுதான் பாடு.

கேள்வி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஓர் எழுத்து இருக்கிறது, என்ன அர்த்தம்?" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆண்டு, எத்தனையாவது பத்தி (மேலிருந்து கீழே ஓடும் கட்ட வரிசை) என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் நான் சொல்வது பதிலாக இருக்காது, ஜோசியமாக இருக்கும்.

கேள்வி: என் மருமகனின் கொள்ளுத்தாத்தா குடும்பம் 1930-ஆம் ஆண்டுத் தாளில் இருக்கிறது. அவர் பெயருக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. மனைவியின் உறவுமுறைக்குப் பக்கத்தில் ‘எச்’ இருக்கிறது. தொழிலுக்கு அருகே நான்கு எண்கள் கிறுக்கப்பட்டிருக்கின்றன. ஏதாவது ரகசியக் குறியா? பேரன் கேட்டு நச்சரிக்கிறான்.

ரகசியம் ஒன்றுமில்லை அம்மா. பேரனிடம் முதலில் பத்தித் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். 1930 தாளில் 7-ஆம் பத்தி, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கிறது. அங்கே ‘ஓ’ என்றால் சொந்தம், ‘ஆர்’ என்றால் வாடகை. 8-ஆம் பத்தியில் டாலர் கணக்கு இருக்கும். சொந்த வீடானால் அதன் மதிப்பு, வாடகை வீடானால் மாத வாடகை. 9-ஆம் பத்தியில் வரும் ‘ஆர்’ வேறு. அது வானொலிப் பெட்டி. வீட்டில் ரேடியோ இருந்தால் ‘ஆர்’, இல்லாவிட்டால் காலி. அந்த ஆண்டு அரசாங்கத்துக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்திருந்தது. ஆக உங்கள் மருமகனின் கொள்ளுத்தாத்தா வாடகை வீட்டில் இருந்தாலும் ரேடியோ வைத்திருந்தவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மனைவி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ‘எச்’, வீட்டை நிர்வகிப்பவர் இவர் என்பதற்கான அடையாளம். வீட்டு வேலையை யார் கவனித்துக்கொள்கிறாரோ அவருக்கு அந்த எழுத்தைப் போடும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அந்த ஆண்டு உத்தரவு இருந்தது. தாளின் வலக்கோடியில், ராணுவத்தில் பணியாற்றியவரா என்ற பத்தியையும் பார்த்துவிடுங்கள். அங்கே ‘டபிள்யூ டபிள்யூ’ என்றிருந்தால் முதல் உலகப் போர், ‘எஸ் பி’ என்றிருந்தால் 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போர். ‘சிவ்’ என்று இருந்தால் உள்நாட்டுப் போர். 1930-இல் அந்தக் கிழவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

நான்கு எண்களின் கதை தனி. இந்தத் தாள்களில் எப்போதும் இரண்டு பேர் கை பட்டிருக்கும். முதல் கை, வாசலில் நின்று கேட்டு எழுதிய கணக்கெடுப்பாளருடையது. இரண்டாவது கை, தாள்கள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபின் மேசையில் உட்கார்ந்து குறியெண் போட்ட குமாஸ்தாவுடையது. 1890-இலேயே ஹெர்மன் ஹோலரித் என்பவர் செய்த துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டுதான் அமெரிக்கர்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள். இயந்திரத்துக்கு ‘தச்சர்’ என்றால் விளங்காது, எண் வேண்டும். தச்சருக்கு ஓர் எண், கட்டுமானத் தொழிலுக்கு ஓர் எண் என்று போட்டு, அந்த எண்ணுக்கேற்ப அட்டையில் துளையிட்டார்கள். எண்களுக்கு நடுவே எக்ஸ், வி என்ற எழுத்துகள் வந்தால் அவற்றை ரோமன் எண் என்று எண்ணி 10, 5 என்று கணக்குப் போடாதீர்கள். அட்டையின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் 0 முதல் 9 வரை பத்து இடம் போக, மேலும் இரண்டு இடம் உண்டு. அவற்றுக்கு இட்ட பெயர்தான் இவை.

அப்படியானால் குமாஸ்தாவின் எண்ணால் நமக்கு என்ன லாபம்? பெரும்பாலும் எதுவுமில்லை. பக்கத்தில் எழுத்தில் உள்ளதைத்தான் அது எண்ணில் சொல்கிறது. ஆனால் வாசலில் எழுதியவரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால், அந்த எண்ணே கைகொடுக்கும். அந்தக் குமாஸ்தா அதே கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துப் பழகியவர். நமக்குப் புரியாத சுழி அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். குறியீட்டுப் பட்டியல் ஒவ்வொரு சென்சஸிலும் மாறியது. 1920-இன் பட்டியலை வைத்துக்கொண்டு 1930-ஐப் படித்தால் பால்காரர் வங்கி மேலாளராகிவிடுவார்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் தம்பி கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்காவில் இறங்கிவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் 1920, 1930 தாள்களில் அவர் பெயரை ஒத்த ஒருவர் இருக்கிறார். 1920-இல் குடியுரிமைப் பத்தியில் ‘என் ஏ’ என்றும் 1930-இல் ‘ஏ எல்’ என்றும் இருக்கிறது. இனம் என்ற இடத்தில் ‘ஹின்’. இவர் எங்கள் ஆள்தானா? ஒருமுறை குடியுரிமை பெற்றவர் எப்படி மறுபடி அந்நியர் ஆவார்?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

‘ஹின்’ என்பது ஹிந்து என்பதன் சுருக்கம். ஆனால் அது மதத்தைக் குறிப்பதல்ல. 1920, 1930, 1940 மூன்று கணக்கெடுப்புகளிலும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் ‘ஹிந்து’ என்ற இனமாக எழுதினார்கள். கலிஃபோர்னிய வயல்களில் உழைத்த பஞ்சாப் சீக்கியர்களும் ஹின், முஸ்லிம்களும் ஹின். அதனால் ‘ஹின்’ என்ற குறியை வைத்து அவர் தமிழர் என்றோ இன்ன மதத்தவர் என்றோ முடிவு கட்ட வழியில்லை. வேறொரு பத்தியைப் பாருங்கள். 1920-இல் தாய்மொழி கேட்டிருக்கிறார்கள். 1930-இல், அமெரிக்கா வருமுன் வீட்டில் பேசிய மொழி எது என்று கேட்டிருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் பொறுமைசாலியாக இருந்திருந்தால் மொழியின் பெயர் இருக்கும். அவசரக்காரராக இருந்திருந்தால் அங்கேயும் ‘ஹிந்து’ என்றே எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. இனப் பத்தியில் ‘ஐ என்’ என்று கண்டதும் ‘இந்தியர், நம்மவர்’ என்று துள்ளிக் குதிக்காதீர்கள். அது அமெரிக்கப் பழங்குடியினருக்கான குறி. அதை நம்பி அரிசோனாவிலும் ஓக்லஹோமாவிலும் உறவு தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இனி குடியுரிமை. ‘ஏ எல்’ என்றால் அந்நியர். ‘பி ஏ’ என்றால் முதல் விண்ணப்பம், அதாவது குடியுரிமை பெற விரும்புகிறேன் என்ற அறிவிப்பைக் கொடுத்துவிட்டவர். ‘என் ஏ’ என்றால் குடியுரிமை பெற்றவர். இந்த மூன்றும் குடும்ப வரலாறு தேடுகிறவருக்குப் பொன்போல. ‘பி ஏ’ என்று இருந்தாலே எங்கோ ஒரு நீதிமன்றத்தில் அவர் கொடுத்த காகிதம் இருக்க வேண்டும் என்று பொருள். அதைத் தேடிப் போகலாம்.

1920-இல் ‘என் ஏ’, 1930-இல் ‘ஏ எல்’ என்று இருப்பதைக் கணக்கெடுப்பாளர் பிழை என்று தள்ளிவிடத் தோன்றும். மற்ற நாட்டவர் விஷயத்தில் அப்படித் தள்ளிவிடலாம். இந்தியர் விஷயத்தில் கூடாது. அன்றைய சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சத்தவரும் மட்டுமே குடியுரிமை கோர முடியும். சில நீதிமன்றங்கள் இந்தியர்களையும் வெள்ளையர் கணக்கில் சேர்த்துக் குடியுரிமை கொடுத்துவந்தன. 1923-இல், குடியுரிமை கேட்ட இந்தியரான பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதோடு விடவில்லை. ஏற்கெனவே கொடுத்ததையும் அரசு பலரிடமிருந்து வழக்குப் போட்டுப் பறித்தது. ஆகவே உங்கள் இரண்டு தாள்களும் உண்மையாகவே இருக்கலாம். இடைப்பட்ட பத்தாண்டில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதுதான் அந்த இரண்டு எழுத்துகளுக்குள் இருக்கிறது. அவர் இருந்த மாவட்டத்துக்குரிய கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்களில், குடியுரிமை ரத்து வழக்குகள் என்று கேட்டுத் தேடுங்கள். அங்கே பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் ஆள்தானா என்பதற்கு அங்கேதான் விடை. சென்சஸ் தாளில் பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் உறவு கொண்டாட வேண்டாம்.

கேள்வி: 1900-ஆம் ஆண்டுத் தாளில் என் மருமகளின் எள்ளுப்பாட்டி பெயருக்கு நேரே ‘7, 4’ என்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளைகளோ மூன்று பேர். எண் ஏன் ஒத்துவரவில்லை?

ஏழு பிள்ளை பெற்றவர். கணக்கெடுத்தபோது நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். 1900-இன் 11, 12-ஆம் பத்திகள் அதைத்தான் கேட்கின்றன. 1910-லும் இந்தக் கேள்வி உண்டு. வீட்டில் மூன்று பேர்தான் என்றால் நான்காவது பிள்ளை மணமாகியோ வேலைக்கோ வெளியே போயிருக்கும். அதே ஊரில் வேறு வீட்டு வரியில் தேடிப் பாருங்கள்.

மீதி மூன்றைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1890-ஆம் ஆண்டுத் தாள்கள் ஏறக்குறைய முழுவதும் இன்று இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்தது. ஒரு பகுதி எரிந்தது, இன்னொரு பகுதி தண்ணீரில் ஊறியது. எஞ்சியதையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். தப்பியது சுமார் 6,000 பெயர்கள் மட்டும். ஆக 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது ஆண்டு இருட்டு. 1882-இல் பிறந்து 1891-இல் இறந்த ஒரு பிள்ளை இன்று கிடைக்கும் தேசிய சென்சஸ் தாள்களில் அநேகமாகப் பெயரோடு இருக்காது. ‘7, 4’ என்ற அந்த இரண்டு எண்கள் மட்டுமே அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்குச் சாட்சி. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் கல்லறைப் பதிவேடுகளிலும் பெயர் கிடைக்கலாம். மூன்றும் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

அதே தாளின் வலக்கோடியில் ‘ஓ, எம், எஃப்’ என்று வரிசையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொந்த இடம், அடமானத்தில் இருக்கிறது, பண்ணை. நடுப் பத்தியில் ‘எஃப்’ வந்தால் கடனில்லை என்று பொருள். கடைசிப் பத்தியில் ‘எஃப்’ வந்தால் பண்ணை. ஒரே எழுத்து, இடம் மாறினால் பொருள் மாறும்.

கேள்வி: ‘எஸ் 530’ என்று ஒரு அட்டையில் பெயருக்கு மேல் எழுதியிருக்கிறது. கைதி எண்ணோ என்று வீட்டில் பயந்துவிட்டார்கள்.

பயப்பட வேண்டாம். ஒலி ஒத்த குடும்பப் பெயர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் ‘சவுண்டெக்ஸ்’ என்ற ஒலிக் குறியீடு அது. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யொலிகளை 1 முதல் 6 வரை எண்ணாக்கி மூன்று இலக்கத்தோடு நிறுத்துவார்கள். குறைந்தால் பூஜ்யம் சேர்ப்பார்கள். பி (B), எஃப், பி (P), வி என்றால் 1. சி, ஜி, ஜே, கே, கியூ, எஸ், எக்ஸ், இசட் என்றால் 2. டி (D), டி (T) இரண்டுக்கும் 3. எல் 4, எம்-மும் என்-னும் 5, ஆர் 6. உயிரெழுத்துகளுக்கு எண் இல்லை. ஒரே எண்ணுக்குரிய எழுத்துகள் ஒட்டி வந்தால் ஒன்றாகவே கொள்வார்கள். ஸ்மித், ஷ்மிட் இரண்டுக்கும் எஸ் 530 வருவது இதனால்தான்.

1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 65 வயதானதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் பழைய சென்சஸில் தங்கள் பெயரைத் தேடினார்கள். அதற்காகவே, வேலையில்லாதவர்களை அமர்த்தி இந்த அட்டைகளை எழுதவைத்தார்கள். 1880-க்கான அட்டைகளில் பத்து வயதும் அதற்குக் கீழும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டுமே இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்கப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தானே! உங்கள் தாத்தா 1880-இல் பிள்ளையில்லாத வீட்டில் இருந்திருந்தால், அட்டையில் இல்லை என்பதற்காகத் தாளிலும் இல்லை என்று ஆகிவிடாது.

நம் பெயர்களை இதில் போட்டுப் பார்ப்பது ஒரு வேடிக்கை. சுப்ரமணியம், சுப்ரமண்யன், சுப்பிரமணியம் என்று ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எஸ் 165-தான். சண்முகத்தை ‘எஸ்’ போட்டு எழுதினாலும் ‘எஸ் எச்’ போட்டு எழுதினாலும் எஸ் 525. ஆனால் இலங்கையில் சிலர் ‘சி எச்’ போட்டு எழுதுவார்கள். உடனே சி 525 ஆகி, வேறு பெட்டிக்குப் போய்விடும். கனகரத்தினத்துக்கும் இதே கதிதான். ‘கே’ போட்டால் ஒரு பெட்டி, ‘சி’ போட்டால் இன்னொரு பெட்டி. முதல் எழுத்து மாறக்கூடிய பெயர் என்றால் இரண்டு பெட்டியையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: 1940-ஆம் ஆண்டுத் தாளில் என் சம்பந்தியின் பாட்டி பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. இறந்துவிட்டார் என்று அர்த்தமா? பக்க எண் வேறு 61 என்று இருக்கிறது, ஆனால் முந்தைய பக்கம் 14.

இறக்கவில்லை. அவர்தான் பேசினார். 1940-இல் மட்டும், வீட்டில் யார் விவரம் சொன்னாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் இந்தக் குறியைப் போடச் சொன்னார்கள். எனக்கு மிகப் பிடித்த குறி இது. மற்ற ஆண்டுகளில் கணவர் வயதைச் சொன்னது மனைவியா, மாமியாரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று நமக்குத் தெரியாது. இதில் தெரியும். பாட்டி தன் வயதைத் தானே ஐந்து வருடம் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்!

61 என்பது முறைப்படி வீடு வீடாகப் போனபோது அகப்படாமல், பிறகு தனியாக எழுதப்பட்டவர்களுக்கான பக்கங்களின் தொடக்க எண். 81 என்று இருந்தால் ஏப்ரல் 8 இரவு விடுதிகளிலும் பயணியர் முகாம்களிலும் எழுதப்பட்டவர்கள். ஆகவே, தெரு வரிசையில் தேடிக் காணவில்லை என்றால் அந்த வட்டாரத் தாள்களின் கடைசிவரை புரட்டிப் பாருங்கள். பாட்டி வரி 14-லோ 29-லோ விழுந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். 40 வரிக்கு இரண்டு வரி என்று சில வரிகளில் விழுந்தவர்களிடம் மட்டும் கூடுதலாகக் கேட்டார்கள். பெற்றோர் பிறந்த நாடு, தாய்மொழி, பெண்களிடம் முதல் திருமணத்தின்போது வயது எல்லாம் பக்கத்தின் அடியில் இருக்கும்.

கேள்வி: இடப்பக்கத்தில் ‘112, 118’ என்று இருக்கிறது. கதவு எண்தானே? அந்த வீட்டைப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

படம் எடுக்க வேண்டாம். முதலாவது, கணக்கெடுப்பாளர் போன வரிசையில் அது எத்தனையாவது கட்டடம். இரண்டாவது, எத்தனையாவது குடும்பம். கதவு எண் அதற்கு இடப்புறம் இருக்கும். தெருப் பெயர் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும். தாளைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: 1930 ஏப்ரல் 10-ஆம் தேதி இறந்தவர் ஏப்ரல் 22-ஆம் தேதியிட்ட தாளில் உயிரோடு இருக்கிறார். எது பொய்?

இரண்டும் மெய். கணக்குக்குரிய நாள் ஏப்ரல் 1. அன்று உயிரோடு இருந்தவரை எழுத வேண்டும், கணக்கெடுப்பாளர் எப்போது வாசலுக்கு வந்தாலும் சரி. ஏப்ரல் 2-இல் பிறந்த குழந்தை தொட்டிலில் அழுதுகொண்டிருந்தாலும் எழுதக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு இந்த நாள் மாறும். 1900-இல் ஜூன் 1, 1910-இல் ஏப்ரல் 15, 1920-இல் ஜனவரி 1. வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு கண்டுபிடிக்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தின் 1911 தாளில் விதவைப் பாட்டி எழுதிய பிள்ளைகள் கணக்கைச் சிவப்பாக யாரோ அடித்திருக்கிறார்கள். பொய்க் கணக்கா?

இல்லை. அந்தக் கேள்வி கணவர் இருக்கும் பெண்களுக்கு மட்டும். அங்கே வீட்டுக்காரர்களே தாளை நிரப்பினார்கள், விதவைகள் தெரியாமல் நிரப்பினார்கள், அலுவலகத்தில் அடித்தார்கள். நல்லவேளையாக, அடித்த கோட்டுக்குக் கீழே எண் தெரிகிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் 1901 சென்சஸில் என் கொள்ளுத்தாத்தா பெயரைப் பார்க்க எங்கே எழுத வேண்டும்?

எங்கேயும் எழுத வேண்டாம், கிடைக்காது. 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுத்தார்கள். ஆனால் அட்டவணை போட்டு முடித்ததும் வீட்டுத் தாள்களைப் பாதுகாக்கவில்லை. மாவட்டம், சாதி, தொழில் வாரியாக எத்தனை பேர் என்ற தொகுப்புகள் மட்டுமே அச்சில் உண்டு. விடுதலைக்குப் பிந்தைய தாள்களைப் பொறுத்தவரை, 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் விவரத்தைக் காட்டக் கூடாது என்கிறது. உங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் நகல் கேளுங்கள். அதில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும்.